பிக்கப்புக்கு முன்னால் பில்லரைப் பாருங்கள்

"அண்ணா, எப்படியும் வண்டியப் பிரிச்சாச்சு. அப்படியே கொஞ்சம் பிக்கப்பையும் ஏத்திக் குடுத்துடுங்க."

திருப்பதியிலும் சித்தூரிலும் டிங்கரிங் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. கார் முன்பக்கம் நொறுங்கி வந்திருக்கிறது. இன்ஷூரன்ஸ் பணம் வரப்போகிறது, கையிலும் கொஞ்சம் இருக்கிறது. ரீமேப், அகலமான டயர், வேறு சைலன்சர் என்று ஆசை நீளுகிறது. அந்த ஆசையைத் தப்பென்று சொல்ல மாட்டேன். வாடிக்கையாளருக்கு என்ன பதில் சொல்வது, அந்தப் பதிலைச் சொல்லும் கைத்திறனை எங்கே கற்பது, அதை வைத்து இந்த மண்ணிலேயே எப்படிப் பிழைப்பது என்பதுதான் இங்கே பேச்சு. ஐடிஐ முடித்து ஹெல்பராக நிற்கும் தம்பிக்கும், பத்து வருஷமாகச் சுத்தியல் பிடித்துவிட்டு அடுத்து என்ன என்று யோசிக்கும் மேஸ்திரிக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்ஜின் ட்யூனிங் கற்க ஆசைப்படும் பையன்கள் நிறைய. அடிபட்ட பாடியை அளந்து, கம்பெனி கொடுத்த அளவுக்குத் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்தவர்கள் குறைவு. சம்பாத்தியமும் மரியாதையும் அந்தக் குறைவான கூட்டத்துக்குத்தான் நிலைக்கும். ட்யூனிங் கற்க வேண்டுமென்றாலும் இந்த வழியாக வந்து கற்பதே நல்லது.

மலைப்பாதை கேட்கும் கேள்வி

சித்தூர் மூன்று மாநிலம் சந்திக்கும் மூலை. ராணிப்பேட்டையிலிருந்து சித்தூர், பலமனேர், முல்பாகல் வழியாக பெங்களூருக்குப் போகும் பழைய சாலை இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. 2022 ஏப்ரல் 4 முதல் தனி மாவட்டமாகிவிட்ட திருப்பதிக்கோ, இரவெல்லாம் கண் விழித்து ஓட்டப்படும் தமிழ்நாட்டு, கர்நாடக வண்டிகள் வந்துகொண்டே இருக்கின்றன. அடிபட்ட வண்டிக்கு இங்கே பஞ்சம் வராது.

பழுது பார்த்த வண்டிக்கு இங்கே ஒரு கடினமான தேர்வும் காத்திருக்கிறது. திருமலைக்கு முதல் மலைப்பாதை 1944-இல் திறந்தது. இன்று இறங்குவதற்கு அதுதான். ஏறுவதற்கான இரண்டாம் பாதை 1974-இல் வந்தது. ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம், அதற்குக் குறைவாக வந்து சேரக் கூடாது என்று தேவஸ்தானம் கணக்கு வைத்திருக்கிறது. ஐந்து பேர், மூட்டை முடிச்சு, அடுத்தடுத்துக் கொண்டை ஊசி வளைவுகள், சூடேறிய பிரேக். சமவெளியில் ஸ்டியரிங்கை லேசாகப் பிடித்துச் சமாளித்துவிடக்கூடிய கோணல் இங்கே பல்லைக் காட்டும். ஒருபக்கம் இழுக்கும், உள்பக்க டயர் தேயும், பிரேக் பிடித்தால் பின்பக்கம் நழுவும். அப்படிப்பட்ட வண்டியில் இன்னும் இருபது குதிரைசக்தியை ஏற்றிக் கொடுப்பது அந்தக் குடும்பத்துக்குச் செய்யும் துரோகம்.

அளவெடுக்காமல் சுத்தியலைத் தொடாதீர்கள்

புத்தூர் கட்டு நமக்குப் புதிதில்லை. எலும்பை நேர்படுத்திய பிறகுதான் அங்கே பச்சிலையும் கட்டும். காருக்கும் அதே வரிசை.

இன்றைய கார்களில் பெரும்பாலானவை மோனோகாக். தனியாகச் சேஸிஸ் கிடையாது. தரை, பில்லர், ஏப்ரன், கூரை எல்லாம் சேர்ந்த பெட்டிதான் சேஸிஸ். பொலிரோ, ஸ்கார்பியோ, ஃபார்ச்சூனர், நம் ஸ்ரீசிட்டியில் தயாராகும் இசுஸு டி-மேக்ஸ் போன்றவை ஏணிச் சேஸிஸ் வண்டிகள்; இவற்றைச் சரிசெய்யும் முறை வேறு. மோனோகாக்கில் முன் ஏப்ரனில் வாங்கிய அடி பின்கதவு இடைவெளி வரை போய்ச் சேரும். அதனால் அடி விழுந்த இடத்தை மட்டும் பார்த்து எஸ்டிமேட் போடுகிறவர் பாதி வேலையைத் தவறவிடுகிறார்.

முதல் நாள் செய்ய வேண்டியது இது. ஷாக் அப்சார்பர் டவர்களின் போல்ட்டிலிருந்து எதிர்ப்பக்கப் புள்ளிகளுக்குக் குறுக்களவு எடுங்கள். இரண்டு குறுக்களவும் ஒத்துப்போக வேண்டும். முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை இடது, வலது இரண்டையும் அளந்து பாருங்கள். கதவு, பானெட், டிக்கி இடைவெளிகளை எழுதி வையுங்கள். கம்பெனியின் பாடி அளவுத்தாள் கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள். பொதுவாக 3 மில்லிமீட்டருக்கு மேல் விலகல் இருக்கக் கூடாது. ட்ராமல் கேஜ் எனப்படும் அளவுக்கோல் ஒன்று இருந்தாலே இதில் பெரும்பகுதி முடிந்துவிடும். செலெட், கார்-ஓ-லைனர் போன்ற பெஞ்சுகளுக்குப் பல லட்சம் வேண்டும். அது இல்லையே என்று அளப்பதையே விட்டுவிடுவதை ஏற்க முடியாது.

மரத்திலோ தூணிலோ கட்டி, செயின் பிளாக் போட்டு இழுக்கும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. ஒரே திசையில் ஒரே இடத்தைப் பிடித்து இழுத்தால் மடிந்த தகடு நிமிர்வதற்குப் பதில் பக்கத்தில் இருக்கும் நல்ல தகடு நீளும். பெஞ்சில் நாலு இடத்தில் கிளாம்ப் போட்டு, அடி வாங்கிய திசைக்கு நேர் எதிராக, கொஞ்சம் இழுத்து, அளந்து, தளர்த்தி, மீண்டும் இழுப்பார்கள். நேரம் பிடிக்கும் வேலை. கூலியையும் அதற்கேற்பக் கேட்டு வாங்குங்கள்.

வீல் அலைன்மென்ட் தாளையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். சின்னக் கார்கள் பலவற்றில் டோ மட்டும்தான் திருப்பக்கூடியது. கேம்பர், காஸ்டர் இரண்டும் பாடியின் அமைப்பிலேயே அடங்கியவை. ஆகவே டோவைச் சரிசெய்து ஸ்டியரிங்கை நேராக்கி அனுப்பிவிடலாம். ஆனால் தாளில் கேம்பர் சிவப்பாகவே இருக்கும். அந்தச் சிவப்பு உங்களிடம் பேசுகிறது. டவர் உள்ளே நகர்ந்திருக்கிறது, கிராஸ் மெம்பர் வளைந்திருக்கிறது, அல்லது நக்கிள் கோணலாகிவிட்டது. காரணத்தைக் கண்டுபிடிக்காமல் வண்டியை வெளியே விடாதீர்கள்.

எல்லா இரும்பும் ஒரே இரும்பு இல்லை

பழைய மேஸ்திரிகள் கேஸ் டார்ச்சில் சிவக்கக் காய்ச்சித் தட்டி நிமிர்த்தியது அந்தக் காலத் தகட்டுக்குப் பொருந்தியது. சாதாரணப் பாடித் தகடு ஏறக்குறைய 300 மெகாபாஸ்கல் இழுவிசையைத் தாங்கும். இன்று பி-பில்லரில் சூட்டில் அச்சடித்த போரான் எஃகு போடுகிறார்கள். அது 1500 மெகாபாஸ்கல் அளவு தாங்கும். இந்த வலிமை வந்ததே அதைச் சூடாக்கிச் சட்டென்று குளிர்வித்த விதத்தால்தான். நீங்கள் டார்ச்சை வைத்தால் அந்த வலிமை போய்விடும். வெளியே பார்க்க மின்னும், பக்கவாட்டில் லாரி இடித்தால் மடியும். வளைந்த போரான் பாகத்தை நிமிர்த்த முடியாது. கம்பெனி சொன்ன இடத்தில் வெட்டி முழுதாகத்தான் மாற்ற வேண்டும்.

2018 டிசம்பரில் டாடா நெக்சான் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் 5 நட்சத்திரம் வாங்கியது. இந்தியத் தயாரிப்பில் அதுவே முதல். 2023 அக்டோபரிலிருந்து நமக்கே பாரத் என்கேப் இருக்கிறது. வாடிக்கையாளர் அந்த நட்சத்திரத்தை நம்பிக் கார் வாங்குகிறார். அந்த நட்சத்திரம் தொழிற்சாலையிலிருந்து வந்த பெட்டிக்குக் கிடைத்தது. நீங்கள் வெட்டி ஒட்டிய பெட்டிக்கு அது பொருந்துமா என்பது உங்கள் ஸ்பாட் வெல்டின் எண்ணிக்கையில் இருக்கிறது.

அமெரிக்காவின் டாலஸ் நகரில் நடந்த வழக்கு ஒன்றை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். 2010 மாடல் ஹோண்டா ஃபிட், நம் ஊரில் ஜாஸ் என்று ஓடிய அதே கார். அதன் கூரையை மாற்றிய பாடி ஷாப், கம்பெனி சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட ஸ்பாட் வெல்டுகளுக்குப் பதிலாகப் பசை போட்டு ஒட்டிவிட்டது. அது தெரியாமல் செகண்ட் ஹேண்டில் அந்தக் காரை வாங்கிய தம்பதி 2013 டிசம்பரில் விபத்தில் சிக்கினார்கள். பெட்டி தாங்கவில்லை, கார் தீப்பிடித்தது, இருவருக்கும் படுகாயம். அந்தப் பாடி ஷாப் 3.15 கோடி டாலர் கொடுக்க வேண்டும் என்று 2017 அக்டோபரில் ஜூரி தீர்ப்பளித்தது. பெயிண்ட் அடித்து முடித்த பிறகு அந்தக் கூரையைப் பார்த்து யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. காசு கொடுத்து வேலை வாங்கியவரைத் தாண்டி, அடுத்து அந்தக் காரில் ஏறுகிறவருக்கும் நீங்கள் பொறுப்பு.

வெல்டிங்குக்கு முன் பேட்டரியைக் கழற்றுவது, வெல்டு விழும் இடத்தில் துத்தநாக ப்ரைமர் பூசுவது, மூடிய குழிகளுக்குள் மெழுகு தெளிப்பது, கம்பெனி சொன்ன இடத்தில் சிலிக்கான் பிரான்ஸ் கம்பியால் குறைந்த சூட்டில் மிக் பிரேசிங் செய்வது எல்லாம் நாளடைவில் கைக்குப் பழகிவிடும். பழகும் வரை ஒவ்வொரு முறையும் கையேட்டைத் திறந்து வையுங்கள்.

பிக்கப் எங்கே போனது?

வாடிக்கையாளர் "வண்டி முன்ன மாதிரி இழுக்கல" என்று சொன்னால் நம்புங்கள். அடிபட்ட காரில் சக்தி உண்மையாகவே குறைந்திருக்கலாம். ரீமேப் கேட்பவர்களில் பலருக்குத் தேவைப்படுவது, தொலைந்துபோன பழைய சக்தியைக் கண்டுபிடித்துத் தருகிற ஒருவர்.

முன்பக்க அடியில் இன்டர்கூலரும் அதன் ஹோஸ்களும் முதலில் காயப்படும். ஹோஸில் ஒரு மயிரிழை விரிசல் போதும். டர்போ தள்ளும் காற்று வழியிலேயே கசிந்துவிடும். ரேடியேட்டர் ஃபேன் ஒரு வேகத்தில் மட்டும் சுற்றினால் மலை ஏறும்போது இன்ஜின் சூடாகி, கம்ப்யூட்டர் தானே சக்தியைக் குறைத்துக்கொள்ளும். பின்பக்க அடியில் சைலன்சர் குழாய் நசுங்கி மூச்சு முட்டும். வளைந்த ரிம், தேய்ந்த பேரிங், விடாமல் உரசும் காலிப்பர் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்னும். ஸ்கேனரை மாட்டிப் பூஸ்ட் அழுத்தத்தைப் பாருங்கள். சக்கரங்களைத் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். கம்ப்ரஷன் பாருங்கள். இதையெல்லாம் சரிசெய்து ஓட்டக் கொடுத்தால், பெரும்பாலானோர் ரீமேப் பேச்சை விட்டுவிடுவார்கள்.

அதற்கும் மேலே கேட்கிறவருக்கு ஒரு வரிசை சொல்லுங்கள். முதலில் டயர். அளவு மாற்றினால் மொத்த விட்டம் 3 சதவீதத்துக்கு மேல் மாறாமலும், லோட் இண்டெக்ஸ் குறையாமலும் பாருங்கள். அடுத்து பிரேக். நல்ல பேட், புது ஃப்ளூயிட். டாட் 3 புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை தாங்க வேண்டும், டாட் 4 என்றால் 230. ஈரம் ஏறிவிட்டால் இதுவே 140, 155 என்று இறங்கிவிடும். திருமலையிலிருந்து இறங்கும் வண்டிக்கு இந்த வித்தியாசம் உயிர். கையேடு டாட் 4-ஐ ஏற்றால் போடுங்கள். எதைப் போட்டாலும் காலம் தவறாமல் மாற்றச் சொல்லுங்கள். பிறகு புஷ், ஷாக் அப்சார்பர். பிறகு குளிரூட்டல். இவையெல்லாம் முடிந்து, பாடி அளவுத்தாளில் எல்லாம் பச்சையாக இருந்தால் மட்டுமே இன்ஜினைப் பற்றிப் பேச்சு. ராலி கார் கட்டுகிறவர்களும் இந்த வரிசையில்தான் போகிறார்கள். வெறும் பெட்டியைப் பிரித்து, தையல்களை வெல்டு செய்து இறுக்கி, ரோல் கேஜ் மாட்டிவிட்டுத்தான் மற்ற வேலை. வேகம்தான் வேண்டும் என்பவருக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் நம்மிடமிருந்து தூரமில்லை என்று சொல்லுங்கள். மலைப்பாதை அதற்கான இடமில்லை.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52: ஆர்சியில் உள்ள விவரத்துக்கும் கம்பெனி கொடுத்த விவரத்துக்கும் முரணாக வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரள வழக்கு ஒன்றில் இதை உறுதியாகச் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சத்தம், புகை விதியை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம் போடலாம். லைசென்ஸும் மூன்று மாதம் முடங்கும். முன்பக்கம் மாட்டும் புல் பாரை மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே தடுத்துவிட்டது. மோதலின் வேகம் சென்சாரைச் சேரும் விதத்தை அது கெடுத்து ஏர்பேக் விரிவதைக் குழப்பும். நடந்து போகிறவரையும் கொல்லும்.

மாற்றம் செய்ததை இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் விட்டால் அடுத்த கிளெய்ம் நிற்காமல் போகலாம் என்பதை வாடிக்கையாளரிடம் வேலை தொடங்கும் முன்பே சொல்லுங்கள், எழுத்திலும் கொடுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் அந்த வண்டி டோட்டல் லாஸ். அப்படிப் போன வண்டியின் ஆர்சியைக் கையில் வைத்துக்கொண்டு, வேறொரு வண்டியைக் காட்டி, சேஸிஸ் நம்பர் உள்ள தகட்டை மட்டும் வெட்டி மாட்டச் சொல்லி யாராவது வருவார்கள். கூலியும் தாராளமாகப் பேசுவார்கள். அது திருட்டு வண்டிக்குச் சட்டை மாற்றும் வேலை. யார் சொல்லி வந்தாலும் மறுத்துவிடுங்கள். போலீஸ் முதலில் வந்து நிற்கப்போவது வெல்டிங் பிடித்தவர் வீட்டு வாசலில்.

உங்கள் உடம்பு

பட்டறையில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. டூ-கே பெயிண்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது ஆஸ்துமாவைக் கொண்டுவரும். ஒருமுறை உடம்பு அதற்கு எதிராகத் திரும்பிவிட்டால் பிறகு சிறு மூச்சு இழுத்தாலே தாக்கும். கைக்குட்டை கட்டிக்கொண்டு ஸ்ப்ரே அடிக்காதீர்கள். வெளியிலிருந்து சுத்தமான காற்று வரும் முகமூடி வேண்டும். முதலாளி வாங்கித் தரவில்லை என்றால் கேளுங்கள். கேட்டும் தராத பட்டறையில் பெயிண்ட் வேலைக்கு நிற்காதீர்கள். தைரியமாகத்தான் சொல்கிறேன், நுரையீரல் போனால் எந்தச் சம்பளமும் அதை ஈடுகட்டாது.

ஏர்பேக் உள்ள வண்டியில் பேட்டரியைக் கழற்றிய உடனே ஸ்டியரிங் பக்கம் கையை வைக்காதீர்கள். கையேட்டில் சொன்ன நேரம் காத்திருங்கள். வெடித்த ஏர்பேக்கோடு சீட் பெல்ட்டின் ப்ரீடென்ஷனரும் சுட்டிருக்கும். அதையும் மாற்ற வேண்டும். எச்சரிக்கை விளக்கை மட்டும் அணைத்து அனுப்புவது குற்றத்துக்குச் சமம். எலக்ட்ரிக் காரில் ஆரஞ்சு நிறக் கேபிள் தெரிந்தால் உயர் மின்னழுத்தம் ஓடுகிறது என்று பொருள். பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள்.

எங்கே படிப்பது, எங்கே சேர்வது

ஐடிஐயில் மெக்கானிக் மோட்டார் வெஹிக்கிள் இரண்டு வருஷப் படிப்பு. எல்லோரும் அதற்கே போகிறார்கள். மெக்கானிக் ஆட்டோ பாடி ரிப்பேர், ஆட்டோ பாடி பெயின்டிங் என்று ஒரு வருஷப் படிப்புகள் இருப்பது பலருக்குத் தெரியாது. வெல்டர் படிப்பும் ஒரு வருஷம்தான். பாடி வேலைக்கு வர நினைப்பவருக்கு அது நல்ல வாசல். முடித்ததும் கம்பெனி டீலரின் பாடி ஷாப்பில் அப்ரன்டிஸாகச் சேருங்கள். சம்பளம் குறைவாக இருக்கும். ஆனால் பெஞ்ச், அளவுத்தாள், கம்பெனி கையேடு மூன்றும் அங்கேதான் கைக்குக் கிடைக்கும். அதன் பிறகு தனிப் பட்டறைக்கு வந்தால் நீங்கள் வேறு ஆள்.

சுற்றிலும் இருப்பதையும் பாருங்கள். ஸ்ரீசிட்டியில் இசுஸு 2016 முதல் வண்டி தயாரிக்கிறது. சின்னபாண்டூரில் அப்போலோ டயர்ஸ் 2020-இல் வந்தது. கரகம்பாடியில் அமர ராஜாவின் பேட்டரித் தொழிற்சாலை பல காலமாக இருக்கிறது. வெல்டிங்கும் அளவெடுப்பும் கைவந்தவருக்குத் தொழிற்சாலைக் கதவும் திறக்கும்.

படிக்க மனமிருந்தால் இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஆகலாம். அதற்கு மெக்கானிக்கல் அல்லது ஆட்டோமொபைல் டிப்ளமோ வேண்டும். லைசென்ஸ் உள்ள சர்வேயரிடம் பயிற்சி, பிறகு தேர்வு, பிறகு ஐஆர்டிஏஐ லைசென்ஸ். ஐடிஐ முடித்தவர் பாலிடெக்னிக்கில் இரண்டாம் ஆண்டில் நேராகச் சேர வழி உண்டு. பட்டறையில் தகட்டைத் தொட்டுப் பழகிய ஒருவர் சர்வேயராகப் போனால், மறைந்த அடியை அவர் கண்டுபிடிப்பதுபோல் வேறு யாரும் கண்டுபிடிக்க முடியாது.

சொந்தப் பட்டறைக்கு மத்திய அரசின் பிஎம்இஜிபி கடன் திட்டத்தில் சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரை கேட்கலாம். இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15 முதல் 35 சதவீதம் மானியம். பணம் வந்தால் முதலில் பெயிண்ட் பூத் வாங்கத்தான் எல்லோருக்கும் கை போகும். முதலில் அளவுக்கருவியும் ஸ்பாட் வெல்டரும் வாங்குங்கள். ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு கோப்பு வையுங்கள்: வந்தபோது எடுத்த அளவு, வெல்டிங்கின் படம், போகும்போது எடுத்த அளவு, அலைன்மென்ட் தாள். அதில் ஒரு பிரதி வாடிக்கையாளருக்கு. பெயிண்டுக்கு அடியில் என்ன நடந்தது என்பதற்கு உங்களிடமும் அவரிடமும் இருக்கப்போகும் ஒரே சாட்சி அதுதான்.

அடுத்த ஐடிஐ சேர்க்கை அறிவிப்பு வரும்போது, திருப்பதியிலோ சித்தூரிலோ உங்களுக்குப் பக்கத்தில் உள்ள ஐடிஐக்குப் போய், ஆட்டோ பாடி ரிப்பேர் பிரிவு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேளுங்கள். பட்டறை வைத்திருக்கும் அண்ணன்மார்களும் சேர்ந்து கேட்டால் அந்தக் குரலுக்கு எடை கூடும்.